சுழலும் சீட்டும் சிதம்பரம் காதுகுத்தும்

கடைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களிடம் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி உங்கள் முதலாளி என்னைக் கூப்பிட்டார். வந்தவள் உடனே மேலே ஏறி வரவில்லை. கீழே கார் சீட் பகுதியில் ஓரமாக நின்று வேடிக்கை பார்த்தேன். ஒரு தம்பி, பெயர் சொல்ல மாட்டேன், அவரே இப்போது தலையைக் குனிந்துகொண்டார், அந்தச் சுழலும் சீட்டை ஒரு விரலால் தட்டினார். அது வட்டமடித்து வந்து நின்றது. வாங்க வந்த அம்மா "ஐ!" என்றார். தம்பி மறுபடியும் தட்டினார். அந்த அம்மா நேராக பில் போடப் போய்விட்டார். உங்களுடையது என்ன கார், குழந்தைக்கு எத்தனை மாதம் என்று ஒரு கேள்வி வரவில்லை.

நான் கோபப்படவில்லை. இந்தக் கடையில் முதன்முதலாக அப்படி ஒரு சீட்டை ஒரு விரலால் சுற்றியவர் உங்கள் முதலாளியின் அப்பா, அன்றைய முதலாளி. அவரைவிட தம்பி நன்றாகத்தான் சுற்றுகிறார்.

அப்போது கடை இவ்வளவு பெரிதில்லை. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு நீளமான ஒற்றை ஹால். வாசலில் தொட்டில் கம்பிகள், உள்ளே நடைவண்டி, கொசுவலை, பிளாஸ்டிக் குளியல் தொட்டி. நான் பிசிக்ஸ் படித்துவிட்டு, நல்ல வேலை கிடைக்கும்வரை என்று சொல்லிக்கொண்டு சேர்ந்தவள். ஓய்வு பெறும்வரை அந்த நல்ல வேலையைத் தேடிக்கொண்டே இருந்தேன். குழந்தைகளுக்கான கார் சீட் என்றால் அன்றைக்கு ஊரில் எல்லோருக்கும் ஒரே சந்தேகம்தான். "காருக்குள்ளதான் சீட்டு இருக்குதே, அதுக்குள்ள இன்னொரு சீட்டா?"

இரண்டாயிரத்துப் பதினொன்று என்று நினைவு. சென்னை இறக்குமதியாளர் ஒருவர் ஒரே ஒரு சீட்டை மாதிரிக்கு அனுப்பியிருந்தார். ஜப்பானில் செய்தது. கைக்குழந்தையாக இருக்கும்வரை குழந்தை அதில் காரின் பின்பக்கம் பார்த்து உட்காரும். வளர்ந்த பிறகு அதே சீட்டில் முன்பக்கம் பார்த்து உட்காரும். அது போக, குழந்தையை ஏற்றி இறக்க வசதியாகச் சீட்டை அப்படியே கதவுப் பக்கம் திருப்பலாம். முதலாளி அதைக் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்து, ஓட்டலில் சட்னி, சாம்பார் தூக்கைச் சுற்றுவது போலச் சுற்றிப் பார்த்தார். அரை மணி நேரம் வியாபாரமே நடக்கவில்லை.

"எப்படி ஸ்டெல்லா இருக்குது?" என்றார்.

"சுத்துது முதலாளி."

"அது எனக்கும் தெரியுது. நல்லா இருக்குதா? பத்து பீஸ் ஆர்டர் போடலாமா?"

"சுத்தாம இருக்குதான்னு பாத்துட்டுச் சொல்றேன்."

என்னை ஒரு மாதிரி பார்த்தார். நான் கிண்டலுக்குச் சொல்லவில்லை. கார் நிற்கும்போது சுற்றுவது அந்தச் சீட்டின் வசதி. கார் ஓடும்போது சுற்றாமல் நிற்பதுதான் அதன் வேலை. சுற்றுவதைப் பார்க்க ஒரு விரல் போதும். சுற்றாததைப் பார்க்க ஒரு கார் வேண்டும், கார் பெல்ட் வேண்டும், ஒரு குழந்தையின் கனம் வேண்டும்.

முதலாளியின் காரில் முதலில் சோதித்தேன். குழந்தைக்குப் பதிலாக அரிசிப்பை. பொம்மை வைக்கலாமே என்று கடையில் சொன்னார்கள். பொம்மைக்குக் கனமும் இல்லை, அதற்காக அழ ஆளும் இல்லை. சீட்டோடு வந்த புத்தகம் முழுக்க ஜப்பானிய எழுத்து. படங்களைப் பார்த்துத்தான் புரிந்துகொண்டேன். சரியான படத்துக்கு வட்டம், தப்பான படத்துக்குப் பெருக்கல் குறி. திருப்பி நிறுத்தும் ஒவ்வொரு திசையிலும் அடியில் ஒரு பள்ளம் இருந்தது. அதில் ஒரு முளை விழுந்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும். அதுதான் பூட்டு. வேகத்தடைகளைத் தேடித் தேடி முதலாளி ஓட்டினார். தன் காரை ஒருவர் இவ்வளவு கொடுமையாக ஓட்டி நான் பார்த்ததில்லை. அரிசிப்பை அசையவில்லை.

மறுநாளே ஒரு குடும்பம் கடைக்குள் வந்தது. மஞ்சக்குப்பத்தில் இருக்கும் ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், அவர் மனைவி, மருமகள் வித்யா, வித்யாவின் கையில் பத்து மாதப் பெண் குழந்தை இனியா. வித்யா கணவரோடு ஜப்பானில் இருப்பவள். குழந்தையோடு ஊருக்கு வந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் சிதம்பரத்தில் அவள் அம்மா வீட்டில் காதுகுத்து. மாலையே கடலூர் திரும்ப வேண்டும். கார் சீட் இல்லாமல் குழந்தையை ஏற்ற மாட்டேன் என்று மாமியார் வீட்டில் மெதுவாகச் சொல்லியிருக்கிறாள். மெதுவாகச் சொன்னதற்கே வீடு இரண்டுபட்டிருந்தது.

"மடி இருக்கும்போது நாற்காலி எதுக்கும்மா?" என்றார் மாமியார். என்னிடம் கேட்டாரா, மருமகளிடம் கேட்டாரா என்று தெரியவில்லை.

ஹெட்மாஸ்டருக்கு நாற்காலி மேல் வருத்தமில்லை. திசை மேல்தான் வருத்தம். "குழந்தை பின்னாடி பாத்துக்கிட்டு வரும்னு சொல்றா. போற ஊருக்கு முதுகைக் காட்டிக்கிட்டா போவாங்க? முதல் விசேஷம், அதுவும்."

வித்யா, "மாமா, அங்க டாக்டரே..." என்று ஆரம்பித்தாள்.

"அங்க வேற, இங்க வேற."

நான் வாயைத் திறப்பதற்குள் நம் முதலாளி கல்லாவை விட்டு எழுந்து வந்துவிட்டார். அவர் எழுந்து வந்தால் வியாபாரம் முடிந்தது என்று அர்த்தம்.

"சார், நீங்க படிச்சவுங்க. கடலூர்லேருந்து சிதம்பரம் எந்தத் திசை?"

"தெற்கு."

"பாப்பா முன்னாடி பாத்து உக்காந்தா எந்தத் திசையப் பாக்கும்?"

ஹெட்மாஸ்டர் ஒரு நொடி யோசித்தார். "தெற்கு."

"எமதர்மன் திசை சார். பின்னாடி பாத்து உக்காந்தா வடக்கு. குபேரன் திசை. நல்ல காரியத்துக்குப் போற பிள்ள எதப் பாக்கணும்? நீங்களே சொல்லுங்க."

ஹெட்மாஸ்டரின் முகம் தெளிந்தது. மாமியாரும் தலையை ஆட்டினார். வித்யா என்னைப் பார்த்தாள். நான் மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தேன். மாதிரிக்கு வந்தது ஒன்றே ஒன்று என்பதால் அதை விற்கவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டும் கொடுத்து அனுப்புவது, கூடவே நானும் போய்ப் பொருத்தி, பார்த்து வருவது என்று முதலாளியே முடிவு செய்தார். "சீட்ட பாத்த மாதிரியும் ஆச்சு, காதுகுத்துச் சாப்பாடு சாப்ட மாதிரியும் ஆச்சு. போய்ட்டு வா" என்றார். அவர்கள் போனதும் மீசையைத் தடவிக்கொண்டு, "பாத்தியா? இதெல்லாம் பிசிக்ஸ்ல வராது" என்றார்.

ஞாயிறு காலையில் வந்தது மூன்று வரிசை சீட் உள்ள டூரிஸ்ட் கார். டிரைவர் பெயர் செல்வம். நான் நடு வரிசையில் பெல்ட்டைத் தேடினேன். மேலே பட்டை தொங்கியது. அதை மாட்டும் கொக்கியைக் காணோம்.

"கொக்கி எங்கப்பா?"

"அது கவருக்கு அடியில இருக்குது மேடம். உக்காரும்போது குத்துதுன்னு உள்ள தள்ளித் தெச்சாச்சு. புதுக் கவரு."

"பிரிக்கணுமே."

செல்வம் தன் காதையே நான் குத்தப்போவது போல என்னைப் பார்த்தார். பிறகு ஹெட்மாஸ்டரைப் பார்த்தார். அவர் வடக்கு திசையில் உறுதியாக இருந்தார். செல்வம் தையலைப் பிரித்துக் கொடுத்துவிட்டு, அந்தப் பக்கம் பார்க்க முடியாமல் டீ குடிக்கப் போய்விட்டார். இடது கதவோரம் சீட்டைப் பொருத்தினேன். பின்பக்கம் திருப்பினேன். 'டக்'. கையால் பிடித்து உலுக்கினேன். அசையவில்லை. முன் சீட்டில் ஹெட்மாஸ்டர், நடு வரிசையில் குழந்தை, வித்யா, மாமியார். கடைசி வரிசையில் நானும் சீர்வரிசைத் தட்டுகளும்.

போகும் வழி முழுக்க இனியா தட்டுகளில் இருந்த வாழைப்பழத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தாள். ஹெட்மாஸ்டர், "வடக்கு பாத்தா முகமே தெளிவா இருக்கு" என்றார். முன்னால் இருந்த அவருக்குக் குழந்தையின் முகம் தெரியவே இல்லை.

சிதம்பரத்தில் கோயிலுக்குப் பக்கத்து வீதியில் வீடு. வித்யாவின் தம்பி பாலுவுக்கு அந்தச் சீட்டைப் பார்த்ததும் ஒரே குஷி. கழற்றச் சொல்லிக் கூடத்துக்கே தூக்கிவந்துவிட்டான். காது குத்த வந்த பத்தரிடம், "பாப்பாவ இதுலயே உக்கார வெச்சிடலாம். ஒரு காது முடிஞ்சதும் சீட்ட அந்தப் பக்கம் திருப்பிவிட்டா அடுத்த காது. உங்களுக்கு எழுந்திருக்கிற வேலையே இல்ல" என்றான்.

பத்தர் சீட்டை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். "அப்ப தாய்மாமன் மடி எதுக்குப்பா?"

கூடம் சிரித்தது. பாலு வெட்கத்தோடு சப்பணமிட்டு உட்கார்ந்து குழந்தையை மடியில் வாங்கிக்கொண்டான். காது குத்தும்போது இனியாவைவிட அவன்தான் அதிகம் அழுதான். அதன்பிறகு பந்தி. நான் நன்றாகவே சாப்பிட்டேன். நான் சாப்பிட்ட நேரத்தில் அந்த வீட்டுக்கு வந்திருந்த பிள்ளைகள் அத்தனை பேரும் வரிசை போட்டு அந்தச் சீட்டில் ராட்டினம் ஆடியிருக்கிறார்கள், கையில் ஆளுக்கொரு அதிரசத்தோடு.

கிளம்பும் நேரம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை என்றால் நாலரைக்கு ராகுகாலம். அதற்குள் வண்டி நகர வேண்டும் என்பது ஹெட்மாஸ்டரின் கட்டளை. நான் சீட்டைக் காரில் பொருத்திக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தில் வந்து நின்று வானத்தைப் பார்த்தார். கோபுரத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, இப்ப கடலூர் போறோம். வண்டி வடக்க பாத்துப் போவுது. குழந்தை பின்னாடி பாத்தா?"

முதலாளி திரும்பி வரும் பயணத்தை யோசிக்கவில்லை. குபேரன் இறங்கிக்கொண்டு எமன் ஏறிவிட்டார்.

"தெற்கு" என்றார் ஹெட்மாஸ்டர், தானே விடை சொல்லி. "திருப்பும்மா முன்னாடி. சுத்துற சீட்டு தானே? இதுக்குத்தான சுத்துது?"

வித்யாவின் அப்பா வாசலிலிருந்து இறங்கி வந்தார். "என்னா சம்பந்தி பேசறீங்க? எங்க ஊரு நடராசரே தெற்குப் பாத்துதான் ஆடறாரு. தட்சிணாமூர்த்தி தெற்குப் பாத்துதான் உக்காந்திருக்காரு. தெற்குக்கு என்னா கொறச்சல்?"

"அவுங்க சாமி. இது குழந்தை."

"குழந்தையும் தெய்வமும் ஒண்ணும்பாங்களே?"

இருவரும் நடுத்தெருவில் நின்று திசைகளைப் பிரித்து மேய ஆரம்பித்தார்கள். எனக்கு ஒரு ஆசை வந்தது, மறைக்கவில்லை. வித்யாவின் அப்பா கையில் கொடுத்த நடராசரைப் பிடித்துக்கொண்டு கரையேறிவிடலாம். நம் தொழிலில் அந்த ஆசை உங்களுக்கும் தினமும் வரும். ஆனால் அடுத்த வாரம் இவர்கள் மேற்கே பெண்ணாடத்தில் ஒரு உறவினர் வீட்டுக்குப் போவதாகக் காரில் பேசிக்கொண்டது என் காதில் விழுந்திருந்தது. அங்கிருந்து திரும்பும்போது குழந்தை மேற்கைப் பார்க்கும், அதற்கு நான் எந்தச் சாமியைத் தேடிப் போவேன்?

நான் யோசித்து முடிப்பதற்குள் ஹெட்மாஸ்டரே காருக்குள் குனிந்து சீட்டை முன்பக்கம் திருப்பிவிட்டார். 'டக்'.

"அவ்வளவுதான். ஏறுங்க, ஏறுங்க."

நான் சீட்டை மறுபடி பின்பக்கம் திருப்பினேன். சத்தம் வரவில்லை. கையால் உலுக்கினேன். சீட் ஊஞ்சல் மாதிரி இரண்டு பக்கமும் ஆடியது. இன்னொரு தடவை திருப்பினேன். அப்போதும் ஆடியது.

"பாத்தியா?" என்றார் ஹெட்மாஸ்டர் வெற்றியோடு. "முன்னாடி திருப்பினா நிக்குது. பின்னாடின்னா நிக்க மாட்டேங்குது. அந்தச் சீட்டுக்கே தெரியுது!"

தெருவே சிரித்தது. செல்வம் மணியைப் பார்த்து, "சார், ராகுகாலம் வந்துகினே இருக்குது" என்றார். மாமியார் கையை நீட்டினார். "இதெல்லாம் எதுக்கு? குடும்மா வித்யா, மடியில வெச்சிக்கிறேன். நாங்க பிள்ள வளக்கலையா?" காது வலியில் சிணுங்கிக்கொண்டிருந்த குழந்தையை வித்யா கொடுக்கவும் இல்லை, கொடுக்க மாட்டேன் என்று சொல்லவும் இல்லை. இறுக்கி அணைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். கடைக்குள் பார்த்த அதே பார்வை. அந்தத் தெருவில் மின்விசிறி எதுவும் இல்லை.

"சார், கொஞ்சம் டைம் குடுங்க. பூட்டு ஏன் விழலைன்னு பாக்கணும். அதுவரைக்கும் பாப்பாவ ஏத்த வேணாம்" என்றேன்.

"முன்னாடி பாத்தா பூட்டு விழுதே!"

"பத்து மாசப் பாப்பாவுக்கு அது ஆவாது சார்."

ஹெட்மாஸ்டர் முகம் சிவந்தது. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்து நம் முதலாளியைக் கூப்பிட்டார். நான் பொருத்த வந்தவள், பாடம் நடத்த வந்தவள் இல்லை என்கிற பொருளில் இரண்டு நிமிடம் பேசிவிட்டுப் போனை என்னிடம் நீட்டினார்.

"ஸ்டெல்லா" என்றார் முதலாளி, அவருடைய ஞாயிற்றுக்கிழமைக் குரலில். "பெரிய மனுஷன். நாலு பேருக்குச் சொல்றவரு. அவரு கேக்கற மாதிரி வெச்சிக் குடுத்துட்டு வா. மத்தத நாளைக்குப் பேசிக்கலாம்."

எதிர்த்துப் பேசலாம், அல்லது சரி என்று சொல்லிவிடலாம். இரண்டும் எனக்குப் பிடிக்கவில்லை. ஸ்பீக்கரைப் போட்டேன்.

"முதலாளி, சார் பக்கத்துலதான் இருக்காரு. பின்னாடி பாத்தா பூட்டு விழல, சீட்டு ஆடுது. முன்னாடி பாத்து உக்கார பாப்பாவுக்கு இன்னும் வயசு ஆவல. ரெண்டுல ஏதோ ஒண்ணுல பாப்பா போவலாம், ஒண்ணும் ஆவாதுன்னு நீங்களே உங்க வாயால சார் கிட்ட சொல்லிடுங்க. நான் ஏத்தி விட்டுடறேன்."

போனில் கடை மின்விசிறி ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. தெருவில் எல்லோரும் அந்தச் சின்னக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் முதலாளி தொண்டையைச் செருமினார்.

"சார்... ஸ்டெல்லா எப்படிச் சொல்லுதோ அப்படியே செஞ்சிடுங்க சார். அது பிசிக்ஸ் படிச்ச பொண்ணு."

இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மேலே இருப்பவர் தப்பான ஒன்றைச் செய்யச் சொன்னால் சண்டை போட வேண்டாம். அவர் செய்யச் சொல்வது எதுவோ அதை முழு வாக்கியமாக, குழந்தையின் தாத்தா காதில் விழும்படி, அவரையே சொல்லச் சொல்லுங்கள். பாதிப் பேர் வாக்கியத்தை ஆரம்பிக்கவே மாட்டார்கள். நம் முதலாளி நல்ல மனிதர் என்பது எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது.

ஹெட்மாஸ்டர் போனை வாங்கிப் பையில் வைத்தார். வகுப்பில் பதில் தெரியாத பையனைக் கேட்பது போல என்னைக் கேட்டார். "அப்ப அன்னைக்கு வடக்குன்னு சொன்னது?"

"அது சும்மா கதை சார்."

"கதையா?"

"திசைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. இந்த வயசுல உடம்புல தலைதான் கனம். கழுத்து இன்னும் பிஞ்சு. வண்டி சட்டுனு நின்னா முன்னாடி பாத்திருக்கிற பிள்ளைக்குத் தலை மட்டும் முன்னாடி வீசும், கழுத்து தாங்காது. பின்னாடி பாத்திருந்தா தலை, முதுகு எல்லாத்தையும் சேத்து சீட்டே தாங்கிக்கும். மடியில இருந்தா நீங்க எவ்வளவு இறுக்கிப் பிடிச்சாலும் கையில நிக்காது சார். அவ்வளவுதான் விஷயம்."

"இத ஏன் கடையிலயே சொல்லல?"

"சொல்லியிருந்தா ஒத்துக்கிட்டு இருப்பீங்களா சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியில் துடைத்தார். "ஒத்துக்கிட்டு இருக்க மாட்டேன்" என்றார். பிறகு, "ஆனா காது குடுத்துக் கேட்டிருப்பேன்" என்றார்.

முப்பது வருடங்களுக்கு மேல் அந்தக் கடையில் நின்று வாங்கிய அடிகளில் அது சத்தம் இல்லாத அடி. சரியான பொருளைத் தப்பான காரணம் சொல்லி விற்றால், காரணம் கவிழும்போது பொருளும் கவிழும். அன்றைக்கு அது கவிழ்ந்திருந்தால் போயிருக்கக்கூடியது கடையின் பெயர் அல்ல.

ஹெட்மாஸ்டர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு காருக்குள் குனிந்தார். "சரி, எங்க மாட்டிக்கிட்டு இருக்கு? காட்டு." நான் பெல்ட்டைக் கழற்றி, சீட்டை வெளியே எடுத்துக் கவிழ்த்தேன். பாலு டார்ச் லைட்டோடு ஓடிவந்தான். பின்பக்கப் பள்ளத்துக்குள் பழுப்பாக ஏதோ அடைத்துக்கொண்டிருந்தது. ஹெட்மாஸ்டர் விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தார்.

"அதிரசம்" என்று அறிவித்தார்.

"எங்க வீட்டு அதிரசம் அவ்வளவு கெட்டியா இருக்காது" என்றார் வித்யாவின் அம்மா கதவருகிலிருந்து.

வித்யா தலையிலிருந்து ஒரு ஹேர்பின்னை எடுத்துக் கொடுத்தாள். பாகு ஏறி இறுகிக் கிடந்ததைச் சுரண்டிச் சுரண்டி எடுக்க வேண்டியிருந்தது. செல்வம் தேங்காயெண்ணெய் விடலாம் என்றார். வேண்டாம் என்றேன். வழுக்கக் கூடாத இடத்தில் எண்ணெய் எதற்கு? ஈரத்துணியால் துடைத்து, மறுபடி துடைத்து, காயவைத்தோம். அதற்குள் செல்வம் கையைப் பிசைந்தார். "சார், இன்னும் ரெண்டு நிமிஷம்தான் இருக்குது. அப்புறம் ஆறு மணி வரைக்கும் எடுக்க முடியாது. இருட்டிடும்."

ஹெட்மாஸ்டர் சீட்டைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அது உண்மையான கஷ்டம். நான் அவசரப்பட்டு மாட்டிவிடக் கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அப்போது மாமியார் தன் பையைத் தூக்கிப் பாலுவிடம் கொடுத்தார்.

"ஓடிப் போயி இத எதுத்த வீட்டு வாசப்படியில வெச்சிட்டு வா. பரஸ்தானம் பண்ணியாச்சு. நாம கெளம்பிட்டோம்னு கணக்கு. பொறுமையா பாரும்மா நீ."

கெட்ட நேரம் பிறப்பதற்குள் பயண மூட்டையை வெளியே வேறொரு வீட்டில் வைத்துவிட்டால் பயணம் தொடங்கிவிட்டதாக அர்த்தம். பழைய ஏற்பாடு. ஹெட்மாஸ்டர் மனைவியை வியப்போடு பார்த்தார். சாஸ்திரத்துக்குள்ளும் கதவுப் பக்கம் திரும்புகிற வசதி இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத் தெரிந்தது. அதை எப்போது திருப்ப வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தெரிந்திருந்தது.

சீட்டைப் பொருத்தி, பின்பக்கம் திருப்பினேன். 'டக்'. நான் உலுக்குவதற்கு முன் மாமியார் கையை நீட்டி, தன் பலம் முழுக்கக் கொடுத்து உலுக்கினார். கார் ஆடியது, சீட் ஆடவில்லை. "ம்" என்றார். வித்யாவிடமிருந்து குழந்தையை வாங்கி அவரே உட்கார வைத்தார். பட்டையை எப்படி மாட்டுவது என்று மருமகளைக் கேட்டார். வித்யா சொல்லிக் கொடுத்தாள். மாமியார் வீட்டாரிடம் அவள் சத்தமாகச் சொன்ன முதல் வாக்கியங்கள் அவையாக இருக்கலாம்.

மாமியாருக்குப் புவனகிரியில் ஒரு கோயிலில் கும்பிட வேண்டும் என்பதால் அந்த வழியாகப் போனோம். அதுவரைக்கும் ஹெட்மாஸ்டர் முன் சீட்டில் இருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார். தெரிந்தது சீட்டின் முதுகு மட்டும்தான். கோயிலில் இறங்கி ஏறும்போது மருமகளிடம், "நீ முன்னாடி உக்காரும்மா. அங்க நல்லா காத்து வருது" என்று சொல்லிவிட்டுக் குழந்தைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். இனியா அவர் கண்ணாடியைப் பிடித்து இழுத்தாள். அவர் கண்ணாடிக்குப் பதிலாகத் தன் ஆள்காட்டி விரலைக் கொடுத்தார். அவள் அதைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிட்டாள். சற்று நேரத்தில் அவரும்.

ஆலப்பாக்கம் தாண்டும்போது முதலாளி என் போனில் கூப்பிட்டார். "என்னா ஸ்டெல்லா, பத்து பீஸ் சொல்லிடட்டுமா?"

"சொல்லுங்க முதலாளி, நல்ல சீட்டு. ஆனா எந்தக் காருன்னு பாக்காம குடுக்கக் கூடாது. பெல்ட்டு இல்லாத காருக்கு வித்துட வேணாம். நாமளே போயி மாட்டிக் குடுக்கணும். பூட்டு விழுந்துதான்னு வாங்கறவுங்க கையாலயே உலுக்கிப் பாக்க வெக்கணும். அடிப்பள்ளத்த எப்படித் தொடைக்கறதுன்னும் சொல்லிக் குடுக்கணும்."

"இவ்வளவு சொன்னா எவன் வாங்குவான்?"

"பத்து பீஸ் கொஞ்சம் மெதுவா போவும்."

அவர் சிரித்தாரா, பெருமூச்சு விட்டாரா என்று கார் சத்தத்தில் தெரியவில்லை. "வடக்கு, தெற்கு?" என்றார்.

"அது வேணவே வேணாம்."

மஞ்சக்குப்பத்தில் வீட்டு வாசலில் கார் நின்றது. இருவரும் இன்னும் தூங்கிக்கொண்டிருந்தார்கள், தாத்தாவின் விரல் பேத்தியின் பிடிக்குள் இருந்தது. வித்யா இறங்கி வந்து இடது கதவைத் திறந்தாள். பூட்டை விடுவித்து, ஒரு விரலால் சீட்டை மெதுவாகத் தன் பக்கம் திருப்பினாள். சீட்டோடு குழந்தை திரும்பியது. குழந்தையோடு விரலும், விரலோடு கையும் வந்தன. ஹெட்மாஸ்டர் விழித்துக்கொண்டார். விரலை உருவிக்கொள்ளவில்லை. அப்படியே ஒருக்களித்துச் சாய்ந்து, சீட் போகிற வாக்கில் கதவு வரைக்கும் தானும் வந்துவிட்டார்.

"மெதுவாம்மா" என்றார் மருமகளிடம். "முழிச்சிக்கப் போறா."